மின்னஞ்சல் எதற்குச் சான்று?



எங்கள் தமிழ்ப்பள்ளியில் மாணவர்களின் வாசிப்புப் பயிற்சிக்காகச் சிறியதோர் இணையச் செயலியைப் பயன்படுத்தி வருகின்றோம். குழந்தை ஒரு பத்தியை வாசிக்கும், கேள்விகளுக்கு விடையளிக்கும், எந்தச் சொற்களில் தடுமாறியது என்பதை வகுப்பாசிரியரும் பெற்றோரும் பார்க்கலாம். என்னிடம் ஆறாம் ஆண்டு பயின்று, இன்று ஜொகூர் பாருவில் நிரலராகப் பணிபுரியும் மாணவர் ஒருவர் தம் ஓய்வு நேரத்தில் இதனை உருவாக்கித் தந்தார். இதனைக் கேள்வியுற்ற பிற பள்ளி ஆசிரியர்கள் சிலர், "பயனர் பதிவை எப்படி அமைத்தீர்கள்? மின்னஞ்சல் சரிபார்ப்பு தேவைதானா? பெற்றோர்கள் சிரமப்படவில்லையா?" எனத் தொடர்ந்து கேட்டு வருகின்றனர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கூறுவதைவிட, எல்லாருக்கும் பயன்படுமாறு எழுதிவிடலாம் எனத் தோன்றியது.

நான் கணினித் துறையைச் சேர்ந்தவன் அல்லன், தமிழாசிரியன். எனினும், பயனர் பதிவு என்பது நிரலர் மட்டும் தீர்மானிக்க வேண்டிய செய்தியன்று என்பதை இப்பணியில் நன்கு உணர்ந்தேன். யாரை உள்ளே விடலாம், யாரிடம் எதனைக் காட்டலாம் என்பவை பள்ளி தீர்மானிக்க வேண்டியவை. நிரல் அத்தீர்மானத்தை நிறைவேற்றும், அவ்வளவே.

மின்னஞ்சல் சரிபார்ப்பு என்றால் என்ன?

ஓர் இணையத்தளத்தில் பெயரையும் மின்னஞ்சல் முகவரியையும் தட்டெழுதிப் பதிவு செய்கின்றோம். அம்முகவரி நம்முடையதுதான் என்பதற்கு அந்நேரத்தில் நம் சொல்லைத் தவிர வேறு சான்று கிடையாது. யார் வேண்டுமானாலும் யாருடைய முகவரியையும் தட்டெழுதலாம். ஆகவே, தளம் அம்முகவரிக்கு ஒரு மடலை அனுப்புகின்றது. மடலில் ஒரு மறையெண்ணோ சொடுக்குவதற்கு ஒரு சுட்டியோ இருக்கும். அதனைப் பெற்று நாம் திருப்பித் தந்தால், 'இம்முகவரி சரிபார்க்கப்பட்டது' எனத் தளம் குறித்துக்கொள்கின்றது.

1971-ஆம் ஆண்டில் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு முதன்முதலாக வலையமைப்பு வழியே மடல் அனுப்பியபோது, இத்தகைய சோதனை எதுவும் தேவைப்படவில்லை. வலையமைப்பில் இருந்தவர்கள் மிகச் சிலரே. 1982-இல் வகுக்கப்பட்ட எஸ்.எம்.டி.பி. என்னும் அஞ்சல் நெறிமுறையும் அனுப்புநர் கூறும் முகவரியை அப்படியே நம்பியது. பிற்காலத்தில் இணையம் எல்லாருக்கும் பொதுவானபோது, ஒவ்வொரு தளமும் தன் வாசலில் தானே காவல் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று.

எங்கள் நிரலர் தம்பியும் முதலில் இதனைத்தான் சொன்னார். "ஐயா, எல்லாத் தளங்களும் செய்வதைத்தானே நாமும் செய்யப்போகின்றோம்? மின்னஞ்சலைச் சரிபார்த்துவிட்டால் போதுமே" என்றார்.

"சரிபார்த்த பிறகு அவரைப் பற்றி நமக்கு என்ன தெரியும், தம்பி?" என்று கேட்டேன்.

சற்று நேரம் எண்ணிப் பார்த்துவிட்டு, "அந்த அஞ்சற்பெட்டியை அவரால் திறக்க முடியும் என்பது தெரியும், ஐயா" என்றார். "அதற்கு மேல் ஒன்றும் தெரியாது."

மிகச் சரியான விடை அது. அவர் பெயர் உண்மையா, அவர் அகவை என்ன, அவர் அந்தக் குழந்தைக்குத் தாயா தந்தையா அயலாரா என்பவற்றுள் ஒன்றையும் மின்னஞ்சல் சரிபார்ப்பு கூறுவதில்லை. நம் ஊர்களில் அந்தப் பெட்டி அவருடையதுதான் என்றுகூட உறுதியாகச் சொல்ல முடியாது. திறன்பேசி வாங்கும் நாளில் கடைக்காரரே மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கொடுத்துவிடும் வழக்கத்தை நாம் அறிவோம். கடவுச்சொல் என்னவென்று பலருக்குத் தெரியாது, கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிய செய்தியன்று. அக்காலத்தில் லயன் வீடுகளுக்குத் தனித்தனி முகவரி கிடையாது. எல்லாருடைய கடிதங்களும் தோட்ட அலுவலகத்திற்கே வந்து சேரும். உறையின் மேல் ஒரே பெயருடைய இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். எந்தக் கடிதம் எந்த வீட்டிற்கு உரியது என்பதைக் கிராணியார்தான் அறிவார். ஆள்களை அவர் அறிந்திருந்தார். முகவரி கடிதத்தை அலுவலகம் வரைக்கும்தான் கொண்டுவந்து சேர்த்தது. அங்கிருந்து உரிய கைக்குச் சேர்த்தது கிராணியாரின் அறிவு.

பள்ளிக்கூடத்தில் அந்த அறிவு வகுப்பாசிரியரிடம் இருக்கின்றது. நாங்கள் அமைத்த பதிவு முறை முழுவதும் இந்த ஒரு கருத்தின் மேல்தான் நிற்கின்றது. மின்னஞ்சல் எதனை அறியுமோ அதற்கு மின்னஞ்சலைக் கேட்போம். வகுப்பாசிரியர் எதனை அறிவாரோ அதற்கு அவரைக் கேட்போம்.

நம் மாணவர்களுக்கு முகவரி இல்லை

மலேசியாவில் தமிழ்ப்பள்ளிகள் யாவும் தொடக்கப்பள்ளிகள். முதலாம் ஆண்டு முதல் ஆறாம் ஆண்டு வரை பயிலும் நம் பிள்ளைகள் ஏழு முதல் பன்னிரண்டு அகவைக்கு உட்பட்டவர்கள். கூகுள் கணக்கைத் தாமே திறந்துகொள்ள நம் நாட்டில் 13 அகவை நிறைந்திருக்க வேண்டும். கல்வியமைச்சு 2020-இல் தொடங்கிய டெலிமா தளத்தின்வழி மாணவர்களுக்கு அடையாளக் கணக்கு வழங்கப்பட்டுள்ளது உண்மைதான். ஆனால், அது பள்ளிக் கல்விக்காக அமைச்சு வழங்கியது. எவரோ ஒரு தனியாள் எழுதிய செயலியில் பதிந்துகொள்வதற்கு அதனைப் பயன்படுத்தச் சொல்வது முறையாகாது என முடிவு செய்தோம்.

அப்படியானால், பதிவு செய்பவர் பெற்றோர்; பயன்படுத்துபவர் குழந்தை. இருவரும் வெவ்வேறு ஆள்கள். பெரும்பாலான இணையத்தளங்கள் இவ்விருவரும் ஒருவரே என்னும் எண்ணத்தில் அமைக்கப்பட்டவை. அவற்றின் படிவத்தை அப்படியே எடுத்துக்கொண்டால், ஒரு தாய் தன் மகனின் பெயரில் தன் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்வார். அடுத்த ஆண்டு இளைய மகள் பள்ளியில் சேரும்போது, 'இம்முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' எனத் தளம் அவரைத் திருப்பி அனுப்பிவிடும். உடனே அவர் எங்கேனும் ஒரு பொய்யான முகவரியைத் தேடுவார்.

எனவே, இரண்டு பதிவேடுகளை வைத்துக்கொண்டோம். ஒன்று பெற்றோர் கணக்கு. அதற்குத்தான் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும். மற்றொன்று குழந்தையின் குறிப்பு; அதில் அழைக்கும் பெயரும் வகுப்பும் மட்டுமே இருக்கும். ஒரு பெற்றோர் கணக்கின்கீழ் எத்தனை குழந்தைகளையும் இணைக்கலாம். ஒரு குழந்தையை இரண்டு பெற்றோர் கணக்குகளிலும் இணைக்கலாம்.

குழந்தையைப் பற்றி எதனைக் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 'மைகிட்' எண்ணைக் கேட்கவில்லை. அந்தப் பன்னிரண்டு இலக்கங்களில் முதல் ஆறு பிறந்த நாள். அடுத்த இரண்டு பிறந்த மாநிலம். கடைசி இலக்கம் ஒற்றையா இரட்டையா என்பதைக் கொண்டு ஆணா பெண்ணா எனச் சொல்லிவிடலாம். அதே எண்தான் பின்னர் 'மைகாட்' எண்ணாக வாழ்நாள் முழுவதும் தொடர்கின்றது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். இதனை எப்படி மாற்றுவது? வாசிப்புப் பயிற்சிக்கு இந்த எண் எவ்வகையிலும் தேவையில்லை. வீட்டு முகவரி, நிழற்படம், பிறப்புப் பத்திர எண் ஆகியவற்றையும் இதே காரணத்தால் விலக்கினோம்.

நம் நாட்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010-இல் இயற்றப்பட்டு 2013 நவம்பர் 15-இல் நடப்புக்கு வந்தது. வணிக நடவடிக்கைகளுக்கே அது பொருந்தும். மத்திய, மாநில அரசுகளை அது கட்டுப்படுத்துவதில்லை. ஆகவே, 'நமக்குச் சட்டச் சிக்கல் இல்லை' எனச் சிலர் எண்ணக்கூடும். பெற்றோர் நம்மை நம்பிக் குழந்தையை அனுப்புகின்றனர். தேவைக்கு மேல் தரவைத் திரட்டாமல் இருப்பதற்கு அந்த நம்பிக்கையே போதுமான காரணமாகும்.

முகவரி உண்மை, ஆனாலும் கதவு திறக்கவில்லை

எங்கள் முறையின் உண்மையான பயனை உணர்த்திய நிகழ்வு ஒன்றுண்டு. தொடர்புடையவர்களை எவரும் அடையாளம் காணாதவாறு சில விவரங்களைத் தவிர்த்து எழுதுகின்றேன்.

இரண்டாம் தவணையில் ஒருவர் செயலியில் பதிவு செய்தார். மின்னஞ்சல் சரிபார்ப்பு சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. அடுத்து, ஒரு மாணவியின் பெயரைக் குறிப்பிட்டுத் தம் கணக்கில் இணைக்குமாறு கேட்டார். குழந்தையை இணைக்க வகுப்பாசிரியர் வழங்கும் இணைப்புச் சீட்டு வேண்டும். அவரிடம் சீட்டு இல்லை. "நான்தான் அப்பா. மின்னஞ்சலைச் சரிபார்த்தாகிவிட்டதே, பிறகென்ன?" எனப் பள்ளிக்குத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டார்.

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவர் தந்தைதான். முகவரியும் அவருடையதுதான். ஆயினும், அக்குழந்தை தாயுடன் வேறோர் ஊரிலிருந்து எங்கள் பள்ளிக்கு மாறி வந்தவள். தாய் எதற்காக அந்த ஊரைவிட்டு வந்தார் என்பதை வகுப்பாசிரியை அறிந்திருந்தார். குழந்தை எந்த வகுப்பில் இருக்கின்றாள், நாள்தோறும் எத்தனை மணிக்குச் செயலியைத் திறக்கின்றாள், எந்த ஆசிரியரிடம் பயில்கின்றாள் என்பவையெல்லாம் அத்திரையில் தெரியும். ஒரு குழந்தை எப்போது எங்கே இருப்பாள் என்பதை அறிந்துகொள்ள இவையே போதும்.

வகுப்பாசிரியை சீட்டு வழங்கவில்லை. தலைமையாசிரியரிடம் கொண்டு சென்றார். தலைமையாசிரியர் தாயை அழைத்துப் பேசினார். அதன்பின் நடந்தவை அக்குடும்பத்திற்கு உரியவை, இங்கே எழுதுவதற்கில்லை. அத்தந்தையைக் குற்றவாளி எனக் கூறுவதும் என் நோக்கமன்று. இருவரில் யார் பக்கம் நியாயம் என்பதை ஒரு செயலி தீர்மானிக்க முடியாது, தீர்மானிக்கவும் கூடாது. நிறுத்தி வைத்து, உரிய மனிதரிடம் கேட்பது மட்டுமே அதனால் இயன்றது. மின்னஞ்சல் சரிபார்ப்பை மட்டும் நம்பியிருந்தால், எவரும் கேட்பதற்கு முன்பே அக்கதவு திறந்திருக்கும்.

இணைப்புச் சீட்டு

சீட்டு முறை மிக எளிது. ஒவ்வொரு குழந்தைக்கும் எட்டுக் குறிகள் கொண்ட ஒரு மறைச்சொல்லைச் செயலி உருவாக்கும். ஆங்கில எழுத்துகளில் 'ஓ', 'ஐ', 'எல்' ஆகியவற்றையும், எண்களில் சுழியத்தையும் ஒன்றையும் நீக்கிவிட்டோம். அச்சில் இவை ஒன்றுபோல் தோன்றிப் பெற்றோரைக் குழப்பும். எஞ்சிய 31 குறிகளிலிருந்து எட்டு என்றால் 852 பில்லியனுக்கும் மேற்பட்ட மறைச்சொற்கள் அமையும். ஊகித்துக் கண்டுபிடிப்பது அரிது.

தேர்ச்சி அறிக்கையில் கையெழுத்திடப் பெற்றோர் பள்ளிக்கு வரும் நாளில், ஒட்டப்பட்ட உறையில் வகுப்பாசிரியர் அதனை நேரில் கொடுப்பார். ஒருமுறை பயன்படுத்தியதும் சீட்டு செல்லாதாகிவிடும். தொலைந்துபோனால் பழையதை நீக்கிப் புதியது வழங்கலாம். தாய்க்கும் தந்தைக்கும் தனித்தனிச் சீட்டு வேண்டுமெனில் தலைமையாசிரியரின் ஒப்புதலோடு வழங்கப்படும்.

மின்னஞ்சல் இல்லாத குடும்பங்களுக்கு என்ன வழி? எங்கள் வட்டாரத்தில் தாயும் தந்தையும் விடியுமுன்பே எழுந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் வீடுகள் பல. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் பாட்டி. அவரிடம் கைப்பேசி உண்டு, மின்னஞ்சல் கிடையாது. ஒரு பாட்டி என்னிடம், "சார், எனக்கு அந்த ஈமெயிலெல்லாம் தெரியாது. அதுக்காகப் புள்ள படிக்காம இருக்கணுமா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆதலால், சீட்டு மட்டும் இருந்தாலே குழந்தை வாசிப்புப் பயிற்சிக்குள் நுழையலாம் என அமைத்தோம். அடைவுநிலை விவரங்களை இணையத்தில் பார்ப்பதற்குத்தான் மின்னஞ்சல் கணக்கு தேவை. அது இல்லாதோருக்கு வகுப்பாசிரியர் தாளில் அச்சிட்டுக் கொடுப்பார். படிப்பதற்கான வாசலில் மின்னஞ்சலைக் காவலாக நிறுத்தவில்லை.

சுட்டியா, மறையெண்ணா?

சரிபார்ப்பு மடலில் ஒரு சுட்டியை அனுப்பிச் சொடுக்கச் சொல்வதே எளிய வழக்கம். நாங்கள் ஆறிலக்க மறையெண்ணைத் தேர்ந்தெடுத்தோம். அதற்குக் காரணம் உண்டு. 2021-ஆம் ஆண்டின் இறுதியில் சிங்கப்பூரில் வங்கியின் பெயரால் வந்த போலிக் குறுஞ்செய்திகளை நம்பிப் பலர் பணத்தை இழந்தனர். அதனைத் தொடர்ந்து, 2022 சனவரியில், வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் மின்னஞ்சல்களிலும் குறுஞ்செய்திகளிலும் சொடுக்கும் சுட்டிகளை நீக்குமாறு அந்நாட்டு நாணய வாரியம் வங்கிகளைப் பணித்தது. 'மடலில் வரும் சுட்டியைச் சொடுக்காதீர்கள்' என வங்கிகள் நம் பெற்றோருக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது, 'எங்கள் சுட்டியை மட்டும் சொடுக்குங்கள்' எனப் பள்ளி சொல்வது பொருந்தாது. மறையெண்ணாக இருந்தால், பெற்றோர் தாமே திறந்த பக்கத்தில் தாமே தட்டெழுதுவார்.

மறையெண்ணிலும் ஓர் இடர் உண்டு. சிங்கப்பூரில் வேலையில் இருக்கும் தாய்க்கு எண் வருகின்றது. வீட்டில் பாட்டியின் கையில் கைப்பேசி இருக்கின்றது. தாய் அழைத்து எண்ணைச் சொல்ல, பாட்டி தட்டெழுதுவார். மோசடிக்காரர்கள் மக்களைப் பழக்க விரும்புவது இதைத்தான். இங்கேயும் சீட்டு முறைதான் கைகொடுக்கின்றது. பாட்டிக்கு மறையெண் தேவையே இல்லை. அவருக்குச் சீட்டு போதும். 'இந்த எண்ணை எவரிடமும், பள்ளி ஆசிரியரிடமும்கூடக் கூறாதீர்கள்' என மடலிலேயே எழுதியிருக்கின்றோம்.

மறையெண் 24 மணி நேரம் செல்லுபடியாகும். பல தளங்கள் பத்து நிமிடமே தருகின்றன. ஆனால், தொழிற்சாலையில் கைப்பேசியை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு வேலைக்குச் செல்லும் தாய் இரவில்தான் மடலைப் பார்ப்பார். ஓர் எண்ணுக்கு ஐந்து முயற்சிகள் மட்டுமே உண்டு. அதன்பின் அது செல்லாது. ஆறிலக்கத்தில் பத்து இலட்சம் எண்கள் உள்ளபடியால், ஐந்து முயற்சிகளில் ஊகித்துவிடும் வாய்ப்பு இரண்டு இலட்சத்தில் ஒன்று. ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் புதிய எண் கேட்க முடியாது.

மடலில் எதனை எழுதக்கூடாது என்பது மேலும் முக்கியம். முகவரியில் ஓர் எழுத்து பிழைத்தால் மடல் முன்பின் அறியாத ஒருவரைச் சென்றடையும். பிற மடல்கள் சரிபார்த்த முகவரிக்குச் செல்பவை. இம்மடல் ஒன்றே சரிபார்க்காத முகவரிக்குச் செல்வது. ஆகவே, குழந்தையின் பெயரோ வகுப்போ கடவுச்சொல்லோ இதில் இடம்பெறலாகாது. மறையெண், அதன் காலக்கெடு, 'நீங்கள் கேட்கவில்லையெனில் இதனைப் பொருட்படுத்த வேண்டாம்' என்னும் ஒரு வரி ஆகியவையே போதும். ஏழு நாள்களுக்குள் சரிபார்க்கப்படாத பதிவுகளைச் செயலி தானே அழித்துவிடும். பிறர் முகவரியில் ஒருவர் முன்கூட்டியே கணக்கைத் திறந்துவைத்து, உரியவர் வந்து சேரும் வரை காத்திருக்கும் தந்திரமும் உண்டு. 2022-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, 75 புகழ்பெற்ற தளங்களைச் சோதித்து, குறைந்தது 35 தளங்களில் இத்தகைய குறை இருப்பதைக் காட்டியது.

மற்றொரு நுட்பம். ஏற்கெனவே பதிவு செய்தவரின் முகவரியை வேறொருவர் தட்டெழுதினால், 'இவர் ஏற்கெனவே இங்கே உள்ளார்' எனத் திரை சொல்லக்கூடாது. மேலே கூறிய நிகழ்வை நினைத்துப் பாருங்கள். தாயின் முகவரியை இட்டுப் பார்த்தே குழந்தை எந்தப் பள்ளியில் பயில்கின்றாள் என ஒருவர் அறிந்துகொள்ளலாமே! முகவரி புதியதோ பழையதோ, 'அம்முகவரிக்கு மடல் அனுப்பியுள்ளோம்' என்னும் ஒரே விடையைத்தான் எங்கள் திரை காட்டும். பழையதாயின், 'உங்கள் முகவரியில் மீண்டும் பதிவு செய்ய ஒருவர் முயன்றார்' என உரியவருக்கு மடல் போகும்.

கடவுச்சொல் தரவுத்தளத்தில் உள்ளபடியே சேமிக்கப்படுவதில்லை. திரும்பப் பெற இயலாத ஒருவழி உருமாற்றம் செய்து சேமிக்கின்றோம். ஆகையால், 'என் கடவுச்சொல் என்ன?' எனக் கேட்டால் நிரலராலும் சொல்ல முடியாது. புதிதாக அமைத்துக்கொள்ளத்தான் முடியும். குறியீடு, எண், பேரெழுத்து எனக் கட்டாயப்படுத்துவதையும் விட்டுவிட்டோம். அமெரிக்கத் தரநிலைக் கழகம் 2017-இல் வெளியிட்ட வழிகாட்டியே இக்கட்டாயத்தைக் கைவிட்டு, நீளத்திற்கு முதன்மை தந்தது. நான்கு தமிழ்ச் சொற்களை இடைவெளியோடு எழுதினால் நல்ல கடவுச்சொல் ஆகும்; மறப்பதும் அரிது.

பெயரை மறுக்கும் படிவங்கள்

இது தமிழாசிரியன் என்ற முறையில் என் மனத்திற்கு மிக நெருக்கமான பகுதி.

நம் அடையாள அட்டையில் 'ஏ/எல்', 'ஏ/பி' என்னும் குறிகளுடன் தந்தை பெயர் வருகின்றது. 'அட்டையில் உள்ளவாறே பெயரை எழுதுக' எனக் கேட்கும் படிவமே, சாய்கோட்டைக் கண்டதும் 'தவறான எழுத்து' எனச் சிவப்பில் எச்சரிப்பதை நாம் எத்தனை முறை பார்த்திருக்கின்றோம்! முதற்பெயர், குடும்பப்பெயர் என இரண்டு கட்டங்களைக் கட்டாயமாக்கும் படிவங்களும் உள்ளன. குடும்பப்பெயர் என்னும் வழக்கமே இல்லாத நம் பிள்ளை, அங்கே தந்தையின் பெயரை எழுதிவிட்டு, தந்தையின் பெயராலேயே அழைக்கப்படுகின்றது. எங்கள் படிவத்தில் பெயருக்கு ஒரே கட்டம். சாய்கோடு, புள்ளி, இடைவெளி அனைத்தும் ஏற்கப்படும்.

தமிழில் பெயரெழுதினால் சிக்கல் வேறு வகையானது. 'எழுத்துகள் மட்டுமே அனுமதி' எனச் சோதிக்கும் நிரல்கள் பலவற்றில், 'எழுத்து' என்பதன் பொருள் ஆங்கிலத்தை மனத்தில் வைத்து வரையறுக்கப்பட்டது. ஒருங்குறியில் நம் புள்ளியும் கொம்பும் காலும் 'எழுத்து' என்னும் வகையில் இல்லை. 'சேர்குறி' என்னும் வகையில் உள்ளன. எனவே, 'அமல' என எழுதினால் ஏற்கும் படிவம், 'மணி' என எழுதினால் மறுத்துவிடும். எழுத்துகளோடு சேர்குறிகளையும் ஏற்குமாறு நிரலில் ஒரு சிறு மாற்றம் செய்தால் போதும். அம்மாற்றத்தைக் கேட்டுப் பெறுவது நம் கடமை.

'கோமதி' என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். 'கோ' என்பதிலுள்ள ஓகாரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு அவை வெவ்வேறு. பள்ளிக் கணினியில் பதிந்த கோமதி, வீட்டுக் கைப்பேசியில் தன் பெயரை எழுதினால், 'அப்படி எவரும் இல்லை' என்னும் விடை வரக்கூடும். இதற்குத் தீர்வு உண்டு. பெயரைச் சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் 'என்.எஃப்.சி.' என்னும் ஒரே வடிவத்திற்கு மாற்றிக்கொள்ள வேண்டும். நிரலருக்கு அது ஒரு வரி வேலை.

'ஔவை' என்னும் பெயருக்கு அந்த ஒரு வரியும் போதாது. முதலெழுத்தை 'ஔ' என ஓரெழுத்தாக எழுதுவோரும் உண்டு. 'ஒ', 'ள' என இரண்டெழுத்தாக எழுதுவோரும் உண்டு. இவை இரண்டும் ஒன்றெனக் கணினிக்கு எந்த விதியும் சொல்வதில்லை. உயிர்மெய்யெழுத்தாகிய 'க' என்பதும், தமிழ் எண் ஒன்றைக் குறிக்கும் '௧' என்பதும் இப்படித்தான் கண்ணை ஏமாற்றும். ஒருவர் மற்றொருவர் பெயரைப்போல் தோன்றும் பெயரில் பதிந்துகொள்ள இது வழிவிடும். இக்காரணத்தால், பெயரை அடையாளமாகக் கொள்ளவில்லை. பெற்றோருக்கு மின்னஞ்சலும் குழந்தைக்குச் சீட்டுமே அடையாளம். பெயர் அன்போடு அழைப்பதற்கு மட்டும். பெயர் அடையாளப் பணியிலிருந்து விடுபட்டதால், பிள்ளைகள் தங்கள் பெயரைத் தமிழிலேயே விரும்பியவாறு எழுதிக்கொள்ள முடிகின்றது. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் திரையில் தம் பெயர் தமிழில் தோன்றுவதைப் பார்ப்பதில் அத்தனை மகிழ்ச்சி!

மடல் போய்ச் சேர வேண்டுமே!

சரிபார்ப்பு மடல் குப்பை அஞ்சலுக்குள் விழுந்துவிட்டால் மேற்கூறிய ஏற்பாடுகள் யாவும் வீண். எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டி.மார்க் என்னும் மூன்று பதிவுகளைத் தளத்தின் பெயர்ப்பதிவில் சேர்க்குமாறு நிரலரிடம் கேளுங்கள். மடல் உண்மையில் இத்தளத்திலிருந்துதான் வந்தது எனப் பெறும் வழங்கி உறுதி செய்துகொள்ள இவை உதவும். 2024 பிப்ரவரி முதல் ஜிமெயிலும் யாகூவும் அனுப்புநர்களிடம் இவ்வகைச் சான்றுகளைக் கண்டிப்புடன் எதிர்பார்க்கின்றன. மலிவான பொது வழங்கியிலிருந்து நேரடியாக மடல் அனுப்பும் பள்ளித் தளங்கள் இங்கேதான் தடுமாறுகின்றன.

பெற்றோர் கைப்பேசியை மாற்றும்போது பழைய மின்னஞ்சலை இழந்துவிடுவதும் அடிக்கடி நிகழ்கின்றது. 'கடவுச்சொல் மறந்துவிட்டதா?' என்னும் பொத்தான் அவர்களுக்கு உதவாது. அதுவும் இழந்த பெட்டிக்கே மடல் அனுப்பும். அத்தகையோர் வகுப்பாசிரியரை நேரில் கண்டு புதிய சீட்டைப் பெற்று, புதிய முகவரியில் பதிந்துகொள்வர். பழைய கணக்கிலிருந்து குழந்தையின் குறிப்பு நீக்கப்படும்.

ஆசிரியர்களுக்கும் பெற்றோர்களுக்கும்

இப்போது பள்ளிகளுக்குக் கல்விச் செயலிகளை விற்க வருவோர் பலர். அவர்கள் காட்டும் வண்ணப் படங்களைப் பார்ப்பதற்கு முன்பு, பதிவுப் படிவத்தைக் காட்டச் சொல்லுங்கள். குழந்தையைப் பற்றி எதையெல்லாம் கேட்கின்றது? ஒவ்வொன்றும் எதற்காக? மின்னஞ்சலைச் சரிபார்த்தவுடன் யார் வேண்டுமானாலும் குழந்தையின் விவரத்தைப் பார்க்க முடியுமா? மின்னஞ்சல் இல்லாத குடும்பத்துப் பிள்ளை என்ன செய்யும்? பிள்ளை பள்ளியைவிட்டுச் சென்றபின் அதன் தரவு எப்போது அழிக்கப்படும்? 'மணி' எனத் தமிழில் எழுதினால் ஏற்குமா? இவ்வாறு கேள்விகளுக்கும் தெளிவான விடை கிடைத்த பிறகு விலையைப் பேசலாம்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். பள்ளியில் சீட்டு வாங்க நேரில் வரச் சொல்வதைத் தொல்லையாக எண்ண வேண்டாம். வேலை காரணமாக வர இயலாதோர் முன்கூட்டியே வகுப்பாசிரியரிடம் தெரிவித்தால், வசதியான வேறொரு நாளை ஏற்பாடு செய்யலாம். கடைக்காரர் திறந்து கொடுத்த மின்னஞ்சலை வைத்திருப்போர், இன்றே அதன் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளுங்கள். எப்படி மாற்றுவது எனத் தெரியாவிடில் பிள்ளையின் ஆசிரியரைக் கேளுங்கள். நாங்கள் உடனிருந்து காட்டித் தருவோம்.

பிற பள்ளிகளில் இத்தகைய பணியில் ஈடுபட்டிருக்கும் ஆசிரியர்கள் தங்கள் பட்டறிவையும் பகிர்ந்துகொண்டால், எங்கள் செயலியை இன்னும் செம்மைப்படுத்த உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ஒரு தமிழாசிரியன்